வீராணம் ஏரி பக்கம் மூணு நாள்: ரூம் எங்க போடறது?

கேள்விய ஒரு தடவ திருப்பிச் சொல்லிக்கறேன், ஏன்னா அதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. பொங்கல் முடிஞ்சு மூணு நாள் லீவு, சென்னைலேந்து சொந்தக் கார்ல அப்பா அம்மா, ரெண்டு பசங்களோட வர்றீங்க, வீராணம் ஏரி, பிச்சாவரம், சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், முடிஞ்சா ஸ்ரீமுஷ்ணம், இதெல்லாம் பாக்கணும். "ஏரியப் பாத்தமாதிரி, எல்லாத்துக்கும் நடுவுல இருக்கற மாதிரி கிராமத்துப் பக்கம் ஒரு நல்ல ரூம் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. ஏரியப் பாத்தமாதிரி வேணும்கறது ஒண்ணு, எல்லாத்துக்கும் நடுவுல வேணும்கறது இன்னொண்ணு. இது ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்கும்னு நினைச்சுத்தான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. வீராணத்த பொறுத்தவரைக்கும் கிடைக்காதுன்னு தைரியமா சொல்லுவேன்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல பதினேழு வருஷமா டிராவல்ஸ் வண்டி ஓட்டறேன், முதல்ல டிரைவரா, இப்ப சொந்தமா ரெண்டு வேன். வெளியூர்லேந்து வர்ற குடும்பங்கள கோயில் குளம்னு கூட்டிக்கிட்டு போய் ராத்திரி எங்கயாவது இறக்கி விட்டு காலைல திரும்ப ஏத்தறதுதான் பொழப்பு. அதனால ரூமுக்கு உள்ள ஏசி எப்படி, மெத்த எப்படிங்கறதெல்லாம் என்னக் கேக்காதீங்க, நான் படுக்கறது வண்டியில. ஆனா எந்த ஊர்ல தங்குனா மறுநாள் காலைல ஜனங்க சிரிச்ச மூஞ்சியா வர்றாங்க, எந்த ஊர்ல தங்குனா புருஷன் பொண்டாட்டி பேசிக்காம வந்து ஏறுறாங்கன்னு நல்லாத் தெரியும்.

முதல்ல ஏரி. நீங்க மேப்புல பாத்திருப்பீங்க, வடக்க சேத்தியாத்தோப்பு பக்கத்துலேந்து தெற்க லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வரைக்கும் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டருக்கு நீளமா கிடக்கும், குறுக்க நாலஞ்சு கிலோமீட்டர். பராந்தக சோழன் காலத்துல, 10ஆம் நூற்றாண்டுல வெட்டுனது, அவருக்கு வீரநாராயணன்னு ஒரு பட்டம், அதனால வீரநாராயணன் ஏரி, அதுதான் வாய்க்குள்ள தேஞ்சு வீராணம் ஆச்சு. நீங்க சொன்ன எல்லா இடத்தையும் மேப்புல குறிச்சு நடுவுல ஒரு புள்ளி வெச்சீங்கன்னா அந்தப் புள்ளி ஏரிக்குள்ளயோ பக்கத்து வயலுக்குள்ளயோதான் விழும். குறுக்க பாலம் எதுவும் கிடையாது. இந்தக் கரைலேந்து அந்தக் கரைக்கு போகணும்னா ஒண்ணு வடக்க சுத்தணும், இல்ல தெற்க சுத்தணும். அப்ப ஏரிக்கு நடுப்பகுதில ஒரு கிராமத்துல ரூம் போட்டீங்கன்னா மேப்புல பாக்க எல்லாத்துக்கும் பக்கமா இருக்கும், ரோட்டுல போனா எல்லாத்துக்கும் தூரமா இருக்கும். ஏரிங்கறது வண்டிக்காரனுக்கு ஒரு செவுரு மாதிரி, செவுத்துக்கு நட்ட நடுவுல குடியிருந்தா எந்தப் பக்கமா போனாலும் சுத்துதான்.

ரெண்டாவது, ஏரியப் பாத்தமாதிரின்னு சொல்றாங்களே, எந்தப் பக்கத்துலேந்து பாக்கறதுன்னு யாருமே கேக்கறதில்ல. நம்ம ஊரு ஏரி எல்லாமே ஒரு பக்கம் உயரமான கரை, எதிர்ப்பக்கம் மேடான நெலம் மெதுவா தண்ணிக்குள்ள இறங்கும். வீராணத்துக்கு மெயின் கரை கிழக்குல, பாசன வயல் பெரும்பாலும் அதுக்குக் கீழ. மேற்குப் பக்கத்த எதிர்வாய்னு சொல்லுவாங்க, அரியலூர் பக்கத்து மழைத்தண்ணி செங்கால் ஓடை, கருவாட்டு ஓடைல அடிச்சுக்கிட்டு வந்து சேர்ற பக்கம், வண்டலும் அதோட வரும். தண்ணி நல்லா இருக்கற மாசத்துல ரெண்டு பக்கமும் அழகுதான். ஆனா தண்ணி கொஞ்சம் இறங்குச்சுன்னா முதல்ல மண்ணு தெரியறது எதிர்வாய்ப் பக்கம், கடைசி வரைக்கும் தண்ணி நிக்கறது கிழக்குக் கரையோரம். பேப்பர்ல தினம் வீராணம் நீர்மட்டம் 47.5 அடின்னு போடறாங்கல்ல, அத ஆழம்னு நினைச்சுக்காதீங்க, அது மட்டத்துக் கணக்கு. முழுக் கொள்ளளவே 1,465 மில்லியன் கன அடிதான், அவ்வளவு பெரிய பரப்புல அத பரப்பி விட்டா ஆழம் எவ்வளவு வரும்னு நீங்களே போட்டுப் பாருங்க, தாம்பாளத்துல தண்ணி ஊத்துன மாதிரி. அதனால மட்டம் ஒரு அடி இறங்குனாலே ஓரம் எங்கயோ போயிடும்.

இத எனக்கு கத்துக் குடுத்தது ஒரு சேலத்துக் குடும்பம். எட்டு வருஷம் இருக்கும், ஏப்ரல் மாசம், அவங்களே போட்டோ பாத்து ஒரு இடம் புக் பண்ணிக்கிட்டு வந்தாங்க, பேரு வேணாம், இப்ப அது நடக்கவும் இல்ல. போட்டோல வராண்டாவுக்கு முன்னாடி தண்ணி தளதளன்னு நிக்குது. போய் இறங்குனா முன்னாடி வெடிச்ச மண்ணு, அங்கங்க கருவேலஞ்செடி, அதுக்கும் அந்தாண்ட கண்ணுக்கெட்டுன தூரத்துல ஒரு வெள்ளைக் கோடு, அதுதான் ஏரியாம். பெரியவரு ஒருத்தர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் கோட்டப் பாத்து நடந்தாரு, கால் மணி நேரத்துல திரும்பி வந்து, "தம்பி, நான் போகப் போக அது போயிக்கிட்டே இருக்குது"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா ராத்திரி கரண்ட் போச்சு, இன்வெர்ட்டர் இல்ல, பக்கத்துல ஒரு இட்லிக் கட கூட கிடையாது, நான்தான் வண்டிய எடுத்துக்கிட்டு போய் பரோட்டா கட்டிக்கிட்டு வந்தேன். போட்டோ பொய் இல்ல, அது டிசம்பர்ல எடுத்த போட்டோ, அவ்வளவுதான்.

நீங்க வர்றது ஜனவரி, அதனால தண்ணி விஷயத்துல பெருசா பயப்பட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச கையோட இருக்கும், மேட்டூர் தண்ணி கொள்ளிடம் வழியா கீழணைக்கு வந்து அங்கேந்து வடவாறுல ஏரிக்கு வர்றதும் சேந்துக்கும். சாதாரணமா ஜனவரி மாசம் ஏரி பாக்க நல்லா இருக்கற மாசம்தான், சாதாரணமான்னு ஏன் சொல்றேன்னா மழை ஏமாத்துன வருஷமும் உண்டு. புறப்படறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பேப்பர்ல மட்டம் பாத்துக்குங்க, 45, 46னு இருந்தா நல்லா பாக்கலாம், 42க்கு கீழன்னா எதிர்வாய்ப் பக்கம் போகவே போகாதீங்க, கரையோட நிறுத்திக்குங்க. இந்த நம்பர் நான் கண்ணால பாத்து வெச்ச கணக்கு, நீர்வளத்துறை கணக்கு இல்ல.

இப்ப நடுவுங்கற விஷயத்துக்கு வர்றேன். என் வழக்கம் என்னன்னா மேப்புல தூரம் பாக்க மாட்டேன், ரெண்டே நேரத்த கேப்பேன். மத்தியானம் 12 மணிக்கு எங்க இருப்பீங்க, ராத்திரி 8 மணிக்கு எங்க சாப்பிடுவீங்க. கோயில்லாம் பன்னெண்டு, பன்னெண்டரைக்கு நடை சாத்திட்டா திரும்ப சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான். அந்த நாலு மணி நேரம் வயசானவங்கள கார்ல வெச்சுக்கிட்டு சுத்துனா அடுத்த நாள் அவங்க எழுந்திருக்க மாட்டாங்க. ரூமு பக்கத்துல இருக்க வேண்டியது அந்த நேரத்துக்குத்தான். காலைல கிளம்பும்போது அரை மணி நேரம் கூட ஆனா ஒருத்தரும் கவலப்படறதில்ல, மத்தியானம் ஆனாத்தான் சண்ட.

இன்னொரு கணக்கு சொல்றேன், இத நிறைய பேரு யோசிக்கறதில்ல. மூணு நாள் ட்ரிப்புல முதல் நாள் வர்ற வழி, மூணாவது நாள் போற வழி. வழியில இருக்கறத வழியிலயே பாத்துக்கலாம். ரூம்லேந்து கிளம்பி திரும்ப ரூமுக்கே வர்றது நடுநாள் ஒண்ணுதான். அப்ப உங்க ரூம் அஞ்சு இடத்துக்கும் நடுவுல இருக்கணும்கற அவசியமே இல்ல, ரெண்டாவது நாள் பாக்கற இடத்துக்கு மட்டும் பக்கமா இருந்தா போதும்.

இத வெச்சுப் பாத்தா மூணு ஊருதான் இருக்கு. சேத்தியாத்தோப்பு, ஏரிக்கு வடக்கு முனை, சென்னை கும்பகோணம் மெயின் ரோட்டு மேலயே இருக்கு, வந்து இறங்க சுலபம், ஆனா குடும்பத்தோட ரெண்டு ராத்திரி தங்கற ஊரு இல்ல, ராத்திரி லாரி சத்தம் வேற, ஜனவரின்னா கரும்பு டிராக்டர் வரிச கட்டி நிக்கும். காட்டுமன்னார்கோயில், தெற்கு முனை. எனக்கு பிடிச்ச ஊரு. வைணவ ஆச்சாரியர்கள் நாதமுனியும் ஆளவந்தாரும் பொறந்த ஊரு, வீரநாராயண பெருமாள் கோயில் இருக்கு, உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில்ல சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன கொன்னவங்களோட சொத்த பறிமுதல் பண்ண விவரம் கல்வெட்டா இருக்கு, பொன்னியின் செல்வன் நாவல் படிச்சவங்க யாராவது கூட வந்தா அந்தச் செவுத்த விட்டு நகர மாட்டாங்க. ஏரியும் பக்கம், கங்கைகொண்ட சோழபுரமும் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா சின்ன ஊரு, லாட்ஜ்னா கல்யாணத்துக்கு வந்தவங்க ஒரு ராத்திரி தலைய சாய்க்கற மாதிரி லாட்ஜ். உங்க அப்பாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வேணும், அம்மாவுக்கு மாடிப்படி ஆகாதுன்னு எழுதியிருக்கீங்க, அங்க ரெண்டும் சேந்து அமையறது அதிர்ஷ்டம்.

மூணாவது சிதம்பரம், என் ஓட்டு அதுக்குத்தான். ஏரிலேந்து தள்ளி இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. ஆனா கவனிச்சீங்கன்னா, புவனகிரி வழியா சேத்தியாத்தோப்புக்கும் சுமார் 25 கிலோமீட்டர், குமராட்சி வழியா காட்டுமன்னார்கோயிலுக்கும் சுமார் 25 கிலோமீட்டர். ஏரியோட ரெண்டு முனைக்கும் ஒரே தூரம், முக்கோணத்தோட மூக்கு மாதிரி கிழக்க நிக்குது. பிச்சாவரம் 15 கிலோமீட்டர். ராத்திரி 8 மணிக்கு சாப்பாடு, மருந்துக் கட, ஆஸ்பத்திரி, பசங்களுக்கு காய்ச்சல்னா ஓடறதுக்கு ஒரு இடம், எல்லாம் இருக்கு. ஏரிய பாத்தமாதிரி ரூம் வேணும்னு கேட்டவங்களுக்கு ஏரியே தெரியாத ஊர சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ரூம்ல இருக்கும்போது ஏரிய எத்தன மணி நேரம் பாப்பீங்க? காலைல ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி. அந்த ரெண்டு மணிக்கு கார் இருக்கு.

நாளு எப்படி வரும்னா, முதல் நாள் சென்னைலேந்து விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர் வழியா வாங்க, வடலூர்ல வள்ளலாரோட சத்திய ஞான சபைய பாத்துட்டு மத்தியான சாப்பாட்ட முடிச்சுக்கிட்டு சேத்தியாத்தோப்புக்கு ஒரு மூன்றரை நாலு மணிக்கு வந்து சேருங்க. அங்கேந்து பூதங்குடி வழியா கிழக்குக் கரை ரோட்டப் புடிச்சு தெற்க லால்பேட்டை வரைக்கும் மெதுவா வாங்க. ஏரி உங்களுக்கு வலது கைப் பக்கம் வரும், பசங்கள வலது ஜன்னல்ல உக்கார வைங்க, இடது பக்கம் உக்காந்தவங்களுக்கு கீழ பச்ச வயலு, ரோடு உயரத்துல இருக்கறதால வயல மேலேந்து பாக்கற மாதிரி இருக்கும். சூரியன் தண்ணிக்கு மேல இறங்கும். ஏன்னா நீங்க கிழக்குக் கரைல நிக்கறீங்க, சாயங்காலந்தான் இந்தக் கரைக்கு அழகு. சூரிய உதயத்த தண்ணிக்கு மேல பாக்கணும்னு யாராவது சொன்னா அதுக்கு எதிர்வாய்ப் பக்கம்தான் போகணும், இங்க நின்னா உதயம் முதுகுக்குப் பின்னாடி வயல்ல வரும். பறவ போட்டோ எடுக்கறவங்களுக்கு மட்டும் காலைல இந்தப் பக்கமே நல்லது, வெளிச்சம் பின்னாலேந்து வர்றதால கொக்கு, நாரை எல்லாம் பளிச்சுன்னு விழும். கரை ரோடு குறுகல், எதிர்ல டிராக்டர் வந்தா ஒருத்தர் ஒதுங்கித்தான் ஆகணும், உங்க காருக்கு பிரச்சின இல்ல, டெம்போ டிராவலர்னா நான் அந்த ரோட்ட சொல்ல மாட்டேன். இருட்டுறதுக்குள்ள லால்பேட்டை வந்துடுங்க, அங்கேந்து நேரா சிதம்பரம்.

மதகுப் பக்கம் பசங்கள தண்ணில இறக்காதீங்க, இத கண்டிப்பாவே சொல்றேன். பாக்க அமைதியாத்தான் இருக்கும், ஆனா ஏரிலயே கரையோரந்தான் பள்ளம், மதகு திறந்திருந்தா உள்ள இழுக்கறது மேல தெரியாது. அது போக 2004லேந்து சென்னைக்கு குழாய்ல போறது இந்தத் தண்ணிதான், வீட்ல நீங்க குடிக்கற தண்ணில இதுவும் ஒரு பங்குன்னு பசங்களுக்கு சொல்லுங்க, கால் நனைக்காததுக்கு அதுவே காரணமா போதும்.

ரெண்டாவது நாள் பிச்சாவரத்துக்கு படகு ஆரம்பிக்கற நேரத்துக்கே போயிடுங்க, பொங்கல் லீவுல பத்து மணிக்கு மேல போனா கியூவுல பாதி நாள் போயிடும். மோட்டார் படகு வேணாம், துடுப்புப் படகு எடுங்க, அதுதான் சுரபுன்னைக்கு நடுவுல இருக்கற சின்ன சந்துக்கெல்லாம் நுழையும். பதினொண்ணரைக்கு ரூமுக்கு வந்து படுத்துட்டு சாயங்காலம் நடராஜர் கோயில். மூணாவது நாள் ரூமக் காலி பண்ணிட்டு காலைல காட்டுமன்னார்கோயில், பக்கத்துல மேலக்கடம்பூர், தேர் மாதிரியே கட்டுன கோயில், சின்னதுதான் ஆனா பெரிய கோயில் பாத்த கண்ணுக்கும் அலுக்காது, அப்பறம் பன்னெண்டுக்கு முன்னாடி கங்கைகொண்ட சோழபுரம், அங்கேந்து மீன்சுருட்டி வந்து மெயின் ரோட்ட புடிச்சா சென்னை. ஸ்ரீமுஷ்ணத்த இந்த தடவ விட்டுடுங்க. அதையும் திணிச்சா மூணாவது நாள் நடை சாத்துற நேரத்துல ரோட்ல நிப்பீங்க.

ரூம் புக் பண்ணும்போது நான் கேக்கச் சொல்ற கேள்வி கொஞ்சம்தான். கிரவுண்ட் ஃப்ளோர் இருக்கா, இல்லன்னா லிஃப்ட் வேல செய்யுதா, லிஃப்ட் இருக்குன்னு சொல்றது வேற, வேல செய்யறது வேற. இன்னைக்கு எடுத்த வீடியோ ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, ஜன்னலத் திறந்து வெளிய காட்டச் சொல்லுங்க, தயங்குனாங்கன்னா புரிஞ்சுக்குங்க. கொசுவுக்கு ஜன்னல்ல வல இருக்கான்னு கேளுங்க, ஜனவரில இந்தப் பக்கம் கொசுவுக்குத்தான் பொங்கல். டிரைவர் வெச்சுக்கிட்டு வர்றவங்க யாராவது இதப் படிச்சா ஒண்ணு சேத்துக்கறேன், டிரைவருக்கு படுக்க இடமும் பாத்ரூமும் இருக்கான்னு கேளுங்க, ராத்திரி தூங்காதவன்தான் மறுநாள் உங்க குடும்பத்த ஓட்டிக்கிட்டு போறான்.

தேதி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. மார்கழி திருவாதிரை ஆருத்ராவுக்கு சிதம்பரத்துல ரூமே கிடைக்காது, அது பெரும்பாலும் பொங்கலுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். தைப்பூசத்துக்கு வடலூர்ல ஜோதி தரிசனம், அன்னைக்கும் முன்ன பின்னயும் அந்த ரோட்ல வந்தீங்கன்னா ஊர்ந்துதான் வரணும். தை பொறந்தா முகூர்த்தம் வேற ஆரம்பிச்சுடும், மண்டபத்துக்காரங்க லாட்ஜ் லாட்ஜா மொத்தமா புடிச்சுடுவாங்க. காலண்டர்ல முகூர்த்த நாளப் பாத்துட்டு தேதிய வைங்க.

பாண்டிச்சேரில ரூம் போட்டுட்டு அங்கேந்து வீராணம் வந்துட்டுப் போகலாமான்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்காரு. வேணாம்ங்க, போக வர தினம் 170, 180 கிலோமீட்டர் ஓடணும். ஆனா கோயிலெல்லாம் வேணாம், தண்ணியும் பறவையும் பாத்தாப் போதும்னா அது வேற கத, அப்ப வீராணமே வேணாம். பாண்டிக்கு மேற்க பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்ல ஊசுட்டேரி இருக்கு, 800 ஹெக்டேர், பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு, ரெண்டு பக்கமும் பறவைகள் சரணாலயம். தெற்க கடலூர் வர்ற வழில உள்ள தள்ளி பாகூர் ஏரி, பக்கத்துலயே சோழர் காலத்து மூலநாதர் கோயில், கூட்டமே இருக்காது. அந்த ரெண்டுக்கும் கடலூர்லயோ பாண்டிலயோ தங்குனா போதும், சனி ஞாயிறுன்னா கடலூர்ல தங்குங்க, பாண்டில வாடக ஏறிடும், இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான வித்தியாசம்.

அப்பறம் லால்பேட்டைல இறங்குனா அப்பாவுக்கு நாலு வெத்தல வாங்கிக் குடுங்க, அங்க சுத்துவட்டாரத்துல கொடிக்கால் உண்டு. கும்பகோணம் வெத்தல போடறவரா இருந்தா ஒத்துக்க மாட்டாரு, வாங்கிக் குடுத்துட்டு சும்மா இருங்க.